விபத்துக் காயத்துக்கு மருந்தக லீன் மூலம் மருந்து பெறுவது எப்படி? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வேறொருவர் தவறால் கார் விபத்தில் சிக்கிக் காயம்பட்டவர், அந்த வேறொருவரின் காப்பீட்டு நிறுவனம் தம் மருந்துச் செலவை அவ்வப்போது கட்டிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறை அப்படி இல்லை. எதிர்த்தரப்பு நிறுவனம் பொதுவாக, சிகிச்சை முடிந்து பில்கள் எல்லாம் திரட்டப்பட்ட பிறகு, ஒரே தொகையாக ஒரே ஒரு முறைதான் பணம் கொடுக்கும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுக்கணக்கிலும் இழுக்கும். கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் மருந்தோ இன்றைக்கே வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதற்காக ஏற்பட்டதுதான் மருந்தக லீன்.

லீன் என்பதைச் சட்டத் தமிழில் பற்றுரிமை என்பார்கள். மருந்தகம் இப்போது உங்களிடம் பணம் வாங்காமல் மருந்தைக் கொடுக்கிறது. பின்னால் உங்களுக்கு வரப்போகும் இழப்பீட்டுத் தொகையிலிருந்து, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும் உரிமையை எழுதி வாங்கிக்கொள்கிறது. ‘உங்கள் கையிலிருந்து ஒரு காசும் வேண்டாம்’ என்று இதை அறிமுகப்படுத்துவார்கள். அந்த வாக்கியம் உண்மைதான் என்றாலும், அதைக் கேட்டு இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரில் மளிகைக் கடையில் பற்று எழுதி வாங்குவதைப் போன்ற கடன் இது. ஆனால் இங்கே நோட்டில் என்ன விலை எழுதப்படுகிறது என்பதை வாங்குபவர் பெரும்பாலும் கடைசி நாளன்றுதான் பார்க்கிறார். எந்த மருந்தை லீனில் வாங்குவது, எதை வேறு வழியில் வாங்குவது என்பதை நீங்களே முதல் நாளிலிருந்து தீர்மானிக்க முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: லீன் தேவைதானா என்று பாருங்கள்

லீன் கடைசி வழியாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய நான்கு இடங்கள் உண்டு.

உங்கள் சொந்தக் கார் காப்பீட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். சில மாநிலங்களில், தவறு யாருடையதாக இருந்தாலும் மருத்துவச் செலவைத் தரும் பகுதி ஒன்று அதில் கட்டாயமாக இருக்கும்; அதைச் சுருக்கமாகப் பிஐபி என்பார்கள். நியூயார்க்கில் அதன் அடிப்படை வரம்பு 50,000 டாலர். அங்கே மருந்தகமே உங்கள் கிளெய்ம் எண்ணை வைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக பில் அனுப்பலாம் என்பதால், அந்தத் தொகை தீரும்வரை லீனுக்குப் பொதுவாக வேலையே இல்லை. ஆனால் விபத்து நடந்து 30 நாட்களுக்குள் விண்ணப்பப் படிவம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஃபுளோரிடாவில் வரம்பு 10,000 டாலர்தான். அதுவும் விபத்து நடந்த 14 நாட்களுக்குள் மருத்துவரைப் பார்த்திருந்தால்தான் கிடைக்கும். ‘இரண்டு வாரம் பார்ப்போம், வலி தானாகப் போய்விடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பவர்கள் 15ஆம் நாளில் அந்த உரிமையை முழுவதுமாக இழக்கிறார்கள். டெக்சஸில், வேண்டாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, குறைந்தது 2,500 டாலர் பிஐபி உங்கள் பாலிசியில் இருக்கும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் மருத்துவச் செலவைத் தரும் இத்தகைய பகுதி, மெட்பே என்ற பெயரில், விரும்பினால் வாங்குவதாக உண்டு. இணையத்தில் அவசரமாகப் பாலிசி எடுத்தவர்கள் அதை வாங்கினோமா இல்லையா என்பதையே மறந்திருப்பார்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் அது இருக்கும்.

அடுத்தது, வேலை மூலம் கிடைத்த உடல்நலக் காப்பீடு. கார் விபத்துக் காயத்துக்கு அது செல்லாது என்று நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. பெரும்பாலான திட்டங்கள் பணம் கட்டும். பிறகு உங்கள் இழப்பீட்டிலிருந்து தாங்கள் கட்டிய தொகையைத் திரும்பக் கேட்கும். அவர்கள் கட்டுவது பேரம் பேசிக் குறைத்த விலை என்பதால், திரும்பக் கேட்பதும் குறைவாகவே இருக்கும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், இந்தக் காயம் விபத்தால் வந்ததா என்று கேட்டு ஒரு படிவம் வரும். அதை ஒதுக்கி வைக்காமல் உண்மையைச் சொல்லிப் பதில் அனுப்புங்கள். பதில் போகாவிட்டால் பில்கள் அப்படியே நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது, விபத்து வேலை நேரத்தில், வேலை நிமித்தமாக நடந்திருந்தால், அது தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் கீழ் வரும். அதன் விதிகள் முற்றிலும் வேறு. கலிஃபோர்னியாவில் தொழிலாளி கிளெய்ம் படிவத்தைக் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள், கோரிக்கை ஏற்கப்படும்வரை அல்லது மறுக்கப்படும்வரை 10,000 டாலர் வரையிலான சிகிச்சைக்கு முதலாளி தரப்பு அனுமதி தர வேண்டும். வாடகைக் காரில் அலுவலக வேலையாகப் போனபோது இடிபட்டவர்களுக்கும் இது பொருந்தலாம்.

நான்காவது, மருந்தின் ரொக்க விலை. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இவை எதுவும் இல்லாதவருக்கும், டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகை) மிக அதிகமாக உள்ள திட்டம் வைத்திருப்பவருக்கும், காப்பீடு மறுத்துவிட்ட விலை உயர்ந்த மருந்து தேவைப்படுபவருக்கும் மருந்தக லீன் உண்மையிலேயே உதவும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பணம் இல்லாததால் மருந்தை நிறுத்தி, தூக்கமில்லாமல், வேலைக்கும் போக முடியாமல் கிடப்பதை விட அது பல மடங்கு மேல்.

இரண்டாம் படி: வழக்கறிஞர்

வழக்கறிஞர் இல்லாமல் லீன் தரும் மருந்தகம் அரிது. இழப்பீட்டுப் பணம் வழக்கறிஞர் கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியாக வைத்திருக்கும் அறக்கணக்கில் வந்து விழுந்து, அங்கிருந்து பிரிக்கப்படும் என்ற உறுதியே மருந்தகத்துக்கு ஈடு. எனவே நீங்கள் போடும் கையெழுத்தோடு வழக்கறிஞரின் கையெழுத்தையும் கேட்பார்கள். டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் இதையே வழக்கறிஞர் எழுதித் தரும் கடிதமாகப் பார்ப்பீர்கள். லெட்டர் ஆஃப் புரொடெக்‌ஷன் என்று அதற்குப் பெயர்.

காய வழக்குகளில் வழக்கறிஞர்கள் முன்பணம் வாங்குவதில்லை. வருகிற தொகையில் மூன்றில் ஒரு பங்கு, வழக்கு நீதிமன்றம் ஏறினால் 40 சதவீதம் வரை என்பதே வழக்கமாகக் காணப்படும் கட்டணம். விபத்து நடந்த ஓரிரு நாளில், நீங்கள் கூப்பிடாமலே ஒருவர் ஃபோன் செய்து, வழக்கறிஞர், மருத்துவர், மருந்தகம் மூன்றையும் தாமே ஏற்பாடு செய்வதாகச் சொன்னால், தமிழில் பேசினாலும் சரி, ஊர்க்காரர் என்றாலும் சரி, ஃபோனை வைத்துவிடுங்கள். அப்படி ஆள் பிடிப்பது கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் குற்றம்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போதே, காலக்கெடு எப்போது முடிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காய வழக்குத் தொடுக்கக் கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் 2 ஆண்டு. நியூயார்க்கில் பொதுவாக 3 ஆண்டு. ஃபுளோரிடாவில் 4 ஆண்டாக இருந்தது 2023 மார்ச்சில் 2 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. அரசு வாகனம் இடித்திருந்தால் கெடு இன்னும் மிகக் குறுகியது. வட கரோலினா, வர்ஜீனியா, மேரிலாந்து, அலபாமா மாநிலங்களில் உங்கள் மீது சிறிதளவு தவறு இருந்தாலும் இழப்பீடு முழுவதும் போய்விடக்கூடும். அங்கே இருப்பவர்கள், யார் தவறு என்பது ஓரளவு தெளிவாகும்வரை லீனில் பெரிய தொகை ஏற விடக் கூடாது.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

மருந்தகம் அனுப்பும் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். ஃபோனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டுவிடும்படி இணைப்பு அனுப்புவார்கள். அந்த இணைப்பைக் கணினியில் திறந்து, முழுவதையும் வரி வரியாகப் படியுங்கள். தேட வேண்டியவை இவை.

வழக்குத் தோற்றால் யார் கட்டுவது? இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். பெரும்பாலான ஒப்பந்தங்களில், ‘வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும் நோயாளியே முழுப் பொறுப்பு’ என்ற கருத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். அதாவது, இழப்பீடு வராவிட்டாலும், வந்த தொகை போதாவிட்டாலும், மீதிப் பாக்கி உங்கள் பெயரில் கடனாக நிற்கும். சில மருந்தகங்கள், பணம் வராவிட்டால் கேட்க மாட்டோம் என்று எழுதித் தருகின்றன. வாய்ச்சொல்லாகச் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

விலை எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? சராசரி மொத்த வியாபார விலை என்று ஒன்று ஒப்பந்தத்தில் குறிப்பிடப்பட்டிருக்கலாம். அந்தப் பட்டியல் விலைக்கும் மருந்தகம் உண்மையில் மருந்தை வாங்கிய விலைக்கும் பெரிய தொடர்பு கிடையாது. ஜெனரிக் மருந்துகளில், அதாவது பிராண்டுப் பெயர் இல்லாமல் வரும் மலிவு மருந்துகளில், இடைவெளி மிகவும் அதிகம். விலைப் பட்டியலையே ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வட்டி உண்டா, எந்த நாளிலிருந்து? பாக்கியை வேறு நிறுவனத்துக்கு விற்கலாமா? வழக்கறிஞரை மாற்றினால் என்ன ஆகும்? உங்கள் மருத்துவத் தகவல் யார் யாருக்குப் போகும்? ஒவ்வொரு மாதமும் தானாக மருந்து அனுப்ப நீங்கள் சம்மதிக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்குரிய பெட்டியில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வலி குறைந்த பிறகும் மாதாமாதம் பெட்டி வந்துகொண்டிருப்பதும், அது ஒவ்வொன்றும் கணக்கில் ஏறுவதும் இந்த ஏற்பாட்டில் அடிக்கடி நடப்பவை.

மருந்தகம் உரிமம் பெற்றதா என்பதை உங்கள் மாநில மருந்தியல் வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டி இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெளிமாநிலத்திலிருந்து தபாலில் அனுப்பும் மருந்தகம் என்றால், உங்கள் மாநிலத்துக்கு அனுப்பவும் அதற்கு அனுமதி இருக்க வேண்டும்.

நான்காம் படி: மருந்துச் சீட்டு எழுதும்போதே பேசுங்கள்

விபத்துக் காயங்களுக்கு எழுதப்படும் மருந்துகள் ஏறக்குறைய ஒரே வரிசைதான்: வீக்கத்துக்கும் வலிக்கும் நாப்ராக்சன் அல்லது மெலாக்சிகேம், தசை இறுக்கத்துக்குச் சைக்ளோபென்சப்ரின் அல்லது மெத்தோகார்பமால், நரம்பு வலிக்குக் கேபபென்டின், மேலே ஒட்டிக்கொள்ள லிடோகெயின் பட்டை. இவற்றில் மாத்திரைகள் எல்லாமே பழைய ஜெனரிக் மருந்துகள். குட்ஆர்எக்ஸ் போன்ற தள்ளுபடிக் கூப்பனைக் காட்டி, காஸ்ட்கோ, வால்மார்ட் மருந்தகங்களில் ரொக்கம் கொடுத்து வாங்கினால் ஒரு மாதத்துக்கான மாத்திரைகள் பெரும்பாலும் 20 டாலருக்குள் அடங்கிவிடும். தொழிலதிபர் மார்க் கியூபன் 2022இல் தொடங்கிய காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் தளத்தில், அடக்க விலையையும் அதன்மேல் வைக்கும் லாபத்தையும் வெளிப்படையாகவே போட்டிருப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல இடம். 5 சதவீத லிடோகெயின் பட்டைக்குச் சீட்டு வேண்டும். 4 சதவீதப் பட்டை சீட்டு இல்லாமலேயே கடை அலமாரியில் கிடைக்கும்.

லீன் கணக்கில் இவையே பல மடங்கு விலையில் ஏறக்கூடும். சில நேரம் மருந்தின் அளவே விலையை உயர்த்திவிடும். சைக்ளோபென்சப்ரின் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் மாத்திரைகள் மிக மலிவு. அதே மருந்து 7.5 மில்லிகிராம் என்று எழுதப்பட்டால் விலை எங்கோ போய்விடும். நாப்ராக்சனையும் இரைப்பையைக் காக்கும் எசோமெப்ரசோலையும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பார்கள். இரண்டையும் தனித்தனியே வாங்கினால் ஆகும் செலவை விட அந்தக் கூட்டு மாத்திரை மிகவும் கூடுதல். ஆகவே மருத்துவர் சீட்டை அனுப்புவதற்கு முன், ‘இதே மருந்தை வழக்கமான அளவில், ஜெனரிக்காக எழுதலாமா? பக்கத்துக் கடைக்கு அனுப்புகிறீர்களா?’ என்று கேளுங்கள். எந்த மருந்தகத்துக்குச் சீட்டுப் போக வேண்டும் என்பது நோயாளியின் விருப்பம். நம்மில் பலருக்கு மருத்துவரிடம் விலையைப் பேசத் தயக்கம் உண்டு. இந்த ஊரில் அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

மருந்தகமே கலந்து தயாரிக்கும் வலிக் களிம்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துக் குழைத்துத் தரும் இந்தக் களிம்புகள் லீன் கணக்குகளில் மிகப் பெரிய தொகையாக ஏறும் பொருள்களுள் ஒன்று. இப்படிக் கலந்த களிம்புகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் கிடையாது. வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் 399 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், இவை மருந்து சேராத வெறும் களிம்பை விடக் குறிப்பிடத்தக்க அளவில் வலியைக் குறைக்கவில்லை என்று தெரியவந்தது. மாத்திரை விழுங்க முடியாதவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் போன்றோருக்கு மருத்துவர் காரணம் சொல்லி எழுதினால் அது வேறு. காரணம் எதுவும் சொல்லாமல் பெட்டியில் வந்து விழுந்தால், திறக்காமல், வேண்டாம் என்று அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டதாகப் பதிலும் வாங்குங்கள்.

வலுவான வலிநிவாரணிகளுக்கு விதிகள் கடுமை. ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் போன்றவற்றுக்கு ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) கிடையாது; ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். எந்த மருந்தகத்தில் வாங்கினாலும் மாநிலக் கண்காணிப்புப் பதிவேட்டில் அது ஏறும். இரண்டு மருத்துவர்களிடம் ஒரே நேரத்தில் இவற்றை வாங்குவது உங்கள் உடல்நிலைக்கும் கேடு, வழக்குக்கும் கேடு.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது

லீன் மருந்தகங்களில் பல, மருந்தை வீட்டுக்கே அனுப்பிவிடும். கடையில் மருந்தாளுநர் எதிரில் நின்று விளக்குவது இங்கே நடக்காது என்பதால், நீங்களே ஃபோன் செய்து கேட்க வேண்டும். பெட்டியின் மேல் எண் இருக்கும். பேசும்போது, ஊரிலிருந்து கொண்டுவந்து வீட்டு அலமாரியில் வைத்திருக்கும் மாத்திரைகளையும் மறக்காமல் சொல்லுங்கள். இதில் இருக்கும் ஆபத்து பலருக்குத் தெரியவில்லை. அமெரிக்க டப்பாவில் அசிட்டமினோஃபென் என்று இருப்பதும் நம் டோலோ 650இல் இருக்கும் பாரசிட்டமாலும் ஒரே மருந்து. ஹைட்ரோகோடோன் மாத்திரைகளில் பெரும்பாலும் அது ஏற்கெனவே கலந்திருக்கும். அதன்மேல் டோலோவையும் போட்டுக்கொண்டால் ஒரு நாளைக்குரிய 4,000 மில்லிகிராம் உச்ச வரம்பை எளிதில் தாண்டி, கல்லீரலைப் பாதிக்கும். நாப்ராக்சன் சாப்பிடும் நாட்களில் காம்பிஃப்ளாமோ ஸீரோடாலோ போட்டுக்கொள்வது ஒரே வகை மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுவது. இரைப்பையில் இரத்தக் கசிவு வரை போகலாம்.

பிள்ளைகளைப் பார்க்க வந்த இடத்தில் விபத்தில் சிக்கும் பெற்றோர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன், இதயத்துக்கு ஈகோஸ்பிரின் என்று சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு நாப்ராக்சன் சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பாதிக்கக்கூடும். சைக்ளோபென்சப்ரின் வயதானவர்களுக்குத் தலைச்சுற்றலையும் குழப்பத்தையும் தந்து கீழே விழ வைக்கும் என்பதால், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் வரிசையில் அது இருக்கிறது. அப்பா சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் புகைப்படம் எடுத்து, பிராண்டுப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். இந்தியப் பிராண்டுப் பெயர்கள் இங்குள்ளவர்களுக்குத் தெரியாது.

அவர்களுக்குப் பயணக் காப்பீடு இருந்தால் முதலில் அதில் கேளுங்கள். நியூயார்க்கில் உங்கள் காரில் உட்கார்ந்து வந்தவராக இருந்தால், சுற்றுலா விசாவில் வந்தவர் என்றாலும் உங்கள் காரின் காப்பீடு அவருடைய செலவை ஏற்கும். சிகிச்சை முடியும் முன் ஊர் திரும்ப நேர்ந்தால் வழக்கு நின்றுவிடாது. மருத்துவப் பதிவுகளின் நகலைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். மதுரையிலோ கோவையிலோ தொடர்ந்து வாங்கும் மருந்துக்குச் சீட்டும் பில்லும் வைத்திருந்தால் அவற்றையும் இழப்பீட்டுக் கோரிக்கையில் சேர்க்கலாம். இங்கிருக்கும் லீன் மருந்தகத்தின் தானியங்கி அனுப்புதலை அவர்கள் கிளம்பும் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

மாதம் ஒருமுறை, இதுவரை ஏறிய பாக்கியின் விவரப் பட்டியலை மருந்தகத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, எண்ணிக்கை, அனுப்பிய தேதி, விலை ஆகியவை வரி வரியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போதாது. வீட்டுக்கு வந்த டப்பாக்களின் லேபிளை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தால் பட்டியலோடு ஒப்பிடுவது எளிது. வராத மருந்து பட்டியலில் இருந்தால் உடனே எழுதுங்கள். ஒப்பந்தம், கூப்பன் விலையில் வாங்கிய ரசீதுகள், மருந்தகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

கடைசிப் படி: பணம் வரும்போது

செட்டில்மென்ட் தொகை, அதாவது பேசி முடித்த இழப்பீடு, எப்படிப் பிரிகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் ஓட்டுநர்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய காப்பீடு, காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர். (கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரிக்கு முன் இது 15,000ஆக இருந்தது.) இடித்தவரிடம் இந்தக் குறைந்தபட்சக் காப்பீடுதான் இருக்கிறது, அது முழுவதும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வழக்கறிஞருக்கு 10,000. வழக்குச் செலவு 600. மருத்துவமனை, மருத்துவர், பிசியோதெரபி பாக்கி 11,500. மிச்சம் 7,900. மருந்தகப் பாக்கி 4,200 என்றால் உங்கள் கைக்கு வருவது 3,700. அதே நபர் சாதாரண மாத்திரைகளைத் தன் கைக்காசில் 150 டாலருக்கு வாங்கி, வேறு வழியில்லாத மருந்தை மட்டும் லீனில் 900 டாலருக்கு வாங்கியிருந்தால், கைக்காசைக் கழித்த பிறகும் அவருக்கு 6,850 டாலர் மிஞ்சும்.

பில் பெரிதாக இருந்தால் இழப்பீடும் பெரிதாக வரும் என்று சொல்லப்படுவதுண்டு. எதிர்த்தரப்புக் காப்பீட்டின் வரம்பு பெரிதாக இருக்கும் வழக்கில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். மேலே சொன்னதைப் போல வரம்பு 30,000 டாலரில் முட்டி நிற்கும்போது, கூடுதல் பில் ஒவ்வொன்றும் உங்கள் பங்கிலிருந்தே போகும். மேலும், லீன் பில்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் எளிதில் ஏற்பதில்லை. ஃபுளோரிடாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி, லெட்டர் ஆஃப் புரொடெக்‌ஷனின் நகலையும், உங்களை அந்த இடத்துக்கு அனுப்பியவர் யார் என்பதையும் வெளிப்படுத்த வேண்டும். உடல்நலக் காப்பீடு இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் இருந்திருந்தால், அது எவ்வளவு கட்டியிருக்கும் என்பதையும் ஜூரியின் (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவின்) முன் வைக்கலாம். கலிஃபோர்னியாவிலும், வழக்கறிஞரே லீன் மருத்துவரிடம் அனுப்பினார் என்பது ஜூரி கேட்கத்தக்க சாட்சியம் என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எனவே, இனி எதிர்த்தரப்பிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதித் தரும் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, தொகை யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற பிரிவினைக் கணக்கின் வரைவை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதில் மருந்தகப் பாக்கி எவ்வளவு, அதைக் குறைக்கப் பேசியாகிவிட்டதா என்று பாருங்கள். மருந்தகப் பாக்கி பேசிக் குறைக்கக்கூடியது. மொத்தத் தொகை சிறிதாக இருக்கும்போது மருந்தகங்கள் இறங்கி வருகின்றன. அதே மருந்து, அதே எண்ணிக்கை, பக்கத்துக் கடையில் கூப்பன் விலை எவ்வளவு என்று நீங்கள் எடுத்து வைத்த பட்டியல் இந்த இடத்தில்தான் பயன்படும். அதை வழக்கறிஞரின் உதவியாளருக்கு அனுப்பிவைத்து, வரி வரியாகக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். சில மாநிலங்களில் சட்டமே துணைக்கு வரும். வட கரோலினாவின் லீன் சட்டம் மருந்துப் பாக்கியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அங்கே வழக்கறிஞர் கட்டணம் போக மீதியிருக்கும் தொகையில் பாதிக்கு மேல் இத்தகைய லீன்களுக்குப் போகக் கூடாது. ஆனால் அந்த வரம்பு இழப்பீட்டுப் பணத்தின் மீதான உரிமைக்குத்தான். மீதிப் பாக்கியைத் தள்ளுபடி செய்வதாக மருந்தகம் எழுதித் தராவிட்டால், பிறகு உங்களிடம் நேரடியாகக் கேட்க வழியிருக்கும்.

குறைத்த தொகையை, ‘முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறோம்’ என்ற சொற்களோடு மருந்தகத்தின் கடிதத்தாளில் பெறுங்கள். காசோலை போன பிறகு, பாக்கி பூஜ்யம் என்று காட்டும் கடிதத்தை இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள். பாக்கியை வேறு நிறுவனத்துக்கு விற்றிருந்தால் இந்தக் கடிதம் அந்த நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். 500 டாலருக்குக் குறைந்த மருத்துவ வசூல் பாக்கிகளையும், கட்டி முடித்தவற்றையும் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் இப்போது தங்கள் அறிக்கைகளில் காட்டுவதில்லை. அதற்கு மேற்பட்ட, கட்டாத பாக்கி ஓராண்டுக்குப் பிறகு ஏறலாம். ஆகையால் செட்டில்மென்ட் முடிந்த சில மாதங்கள் கழித்து உங்கள் கிரெடிட் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்த்து, அந்த மருந்தகத்தின் பெயரோ வசூல் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், பூஜ்யப் பாக்கிக் கடிதத்தின் நகலை இணைத்து அன்றே ஆட்சேபம் அனுப்புங்கள்.